ஏழு பேர்ச் நிலமும் ஓர் உறுதியும்

(ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், நில அளவையாளர்கள், மரக்கறிச் செய்கையாளர்கள் முதலியோர் அட்டனில் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வீட்டைப் பற்றிப் பேசுக என்று என்னைப் பணித்திருக்கிறீர்கள். அரசியல் பேச வேண்டிய மேடையிலே அடுப்பங்கரையைப் பற்றியும் கூரைத் தகரத்தைப் பற்றியும் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நான் சொல்லுவேன், இந்த மலைநாட்டிலே வீட்டைவிடப் பெரிய அரசியல் வேறொன்று இல்லை. நாம் வாக்கிழந்ததும் வீட்டினால், நாடற்றவரானதும் வீட்டினால், இன்று எல்லாரோடும் சமமாக வாக்களித்த பின்னரும் சமமாக வாழ முடியாதிருப்பதும் அந்த வீட்டினால்தான்.

அட்டனிலிருந்து நோர்வூட்டுக்கோ, தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கோ போகின்ற எவரும் காண்கின்ற காட்சி ஒன்று உண்டு. மேட்டிலே பூந்தோட்டத்தின் நடுவே துரையின் பங்களா. பள்ளத்திலே, தேயிலை நட உதவாத மூலையிலே, வரிசையாக லயன்கள். ஒரே மலை; ஒரே மழை; ஒரே குளிர். ஆனால் ஒரு வீடு மனிதன் வாழ்வதற்காகக் கட்டப்பட்டது. மற்றது வேலை வாங்குவதற்காகக் கட்டப்பட்டது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் நம் வரலாறு முழுவதையும் புரிந்துகொள்ளலாம்.

ஏக்கர் ஐந்து ஷில்லிங்!

இந்த மலைகளின் காணி விற்பனை எப்படித் தொடங்கியது தெரியுமா? 1840-இலே ஆங்கில அரசு ஒரு கட்டளைச் சட்டம் இயற்றிற்று. உறுதி காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது அச்சட்டம். தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தும் சேனைப் பயிர் செய்தும் வந்த கண்டிச் சிங்கள விவசாயி கைவசம் தாள் எதுவும் வைத்திருக்கவில்லை. ஆகவே அவனுடைய மலை அவனுக்கு அந்நியமாயிற்று. அந்த நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களிலே அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். 1844-இலேதான் விலை ஒரு பவுணாக உயர்ந்தது.

இதை நான் ஏன் முதலிலே சொல்லுகிறேன்? இந்தக் காணியைச் சிங்கள விவசாயியிடமிருந்து பறித்தவன் தமிழ்த் தொழிலாளி அல்லன். நிலத்தை இழந்தவன் ஒருவன். அந்த நிலத்திலே உழைக்கக் கொண்டுவரப்பட்டவன் இன்னொருவன். இருவருக்கும் உறுதி இல்லை. உறுதி மூன்றாமவன் பெட்டியிலே இருந்தது. இந்த உண்மையை மறந்து பேசுகிறவர்கள் இரு தரப்பிலும் உண்டு, நாம் மறக்கலாகாது.

திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலும் பேதியும் வழி நெடுக அவர்களைத் தின்றன. அந்த நடையை நினைவுகூர்ந்து, 2023-இலே, இருநூறாம் ஆண்டு நிறைவிலே, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் மீண்டும் நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

அப்படி வந்தவர்களுக்குக் கோப்பித் தோட்டத்திலே கட்டிக் கொடுத்த கொட்டகைதான் லயன். அது பருவ காலத்துக்கு வந்து பழம் பறித்துவிட்டு ஊர் திரும்புகிறவனுக்காகக் கட்டியது. சில மாதம் முடங்கிக் கிடப்பதற்கு ஒரு காம்பரா போதும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 1867-இலே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிலே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869-இலே கோப்பி இலையிலே நோய் கண்டது. சில ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை பரவிற்று. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து கொடுக்கும் செடி. ஆகவே தொழிலாளியும் ஆண்டு முழுவதும் இருக்க வேண்டியவனானான். பிள்ளை பெற்றான், பேரன் கண்டான், அந்த மண்ணிலேயே புதைந்தான். பயிர் மாறிற்று, வாழ்வு மாறிற்று, கொட்டகை மட்டும் மாறவில்லை! பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் காம்பராவும், முன்னே ஓர் இஸ்தோப்பும், அதன் மூலையிலே புகையும் அடுப்பும், பத்துக் குடும்பத்துக்கு ஒரு பீலியுமாக அது நின்றது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயனிலே பின் சன்னலுக்கும் வழியில்லை.

வேலையோடு கட்டிய வீடு

தோழர்களே, லயன் சிறியது என்பது அதன் குறைகளிலே மிகச் சிறிய குறை. உலகத்திலே ஏழைகளின் வீடுகள் எங்கும் சிறியவைதாம். ஒற்றை அறைக் குடிசையானாலும் சொந்தக் குடிசையிலே வாழ்கிறவன் கதவைச் சாத்திக்கொண்டு, ‘இது என் வீடு’ என்று சொல்லலாம். லயத்திலே வாழ்ந்தவன் அதைச் சொல்ல முடியவில்லை. பெயர் பதிந்தால் வீடு. பெயர் வெட்டினால் வெளியே. கணவன் இறந்தால் மனைவி வேலைக்குப் போனால்தான் காம்பரா. மகன் படித்து வேறு தொழிலுக்குப் போனால் தாய் தந்தையர் இருக்கும் கூரைக்கே கேள்வி வந்தது.

சொந்த வீட்டுக்கு விருந்தாளி வரலாம். லயத்துக்கு வருகிறவன் தோட்டத்துக்குள் அத்துமீறி நுழைந்தவன் என்று சட்டம் சொன்னது. தொழிற்சங்கத்தின் முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிற்காலத்திலே இந்த அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்ற அப்பெருமகன், தம் மக்களின் வாசற்படியை மிதிப்பதற்கு வேடம் போட வேண்டியிருந்தது என்றால், அந்த வாசற்படி யாருடையது என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டை வேலையோடு கட்டியதன் விளைவு 1948-க்குப் பின் முழுமையாக வெளிப்பட்டது. 1947 பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் புகுந்தார்கள். தலவாக்கலையிலே வென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் ‘வீடற்றவன்’ என்று ஒரு நாவலுக்குப் பெயரிட்டார். நம் மக்களின் நிலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. 1948-இலே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இலே இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இங்கே தொடர்ந்து குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். எதைக் காட்டி நிரூபிப்பது? உறுதி உண்டா? வீட்டு வரிச் சீட்டு உண்டா? தன் பெயருக்கு வந்த தபால் உண்டா? எல்லாம் தோட்டத்து ஆபீசின் பேரேட்டிலே! எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. பிறந்த வீட்டிலே இருந்துகொண்டே, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மெய்ப்பிக்க முடியாத மக்கள் நாம்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இலே பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்திலே அடுத்தடுத்த காம்பராக்கள், அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்தன. 1988-இலும் 2003-இலும் இயற்றிய சட்டங்களால் நாடற்றவர் என்னும் பழி நீங்கிற்று. பிரஜாவுரிமை வந்தது; வாக்கு வந்தது. வீடு வரவில்லை.

இடையிலே காணிச் சீர்திருத்தம் வந்தது. 1972-இலே தனியார் தோட்டங்களும் 1975-இலே கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நிலமற்றோருக்கு நிலம் என்றார்கள். அந்த நிலத்திலேயே நூறாண்டு உழைத்து நிலமற்றிருந்தவன் அந்தக் கணக்கிலே சேரவில்லை. நுவரெலியா மாவட்டத்திலே 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க முனைந்தபோது தொழிலாளர் எதிர்த்து நின்றனர். 1977 மே 11-ஆம் நாள் டெவன் தோட்டத்து இளைஞர் சிவனு லெட்சுமணன் குண்டடிபட்டு மாண்டார். அந்த 7,000 ஏக்கரை நினைவிலே வையுங்கள்; பின்னர் அதைக்கொண்டு ஒரு கணக்குப் போடப் போகிறேன்.

பிற நாடுகள் கற்பிக்கும் பாடம்

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. மலாயாவிலே, சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலே, ஆங்கிலக் கம்பனிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. தோட்டம் விற்றதும் வேலை போயிற்று. வேலை போனதும் வீடு போயிற்று. அப்பொழுது வீ. தி. சம்பந்தன் அவர்கள் ஒன்று செய்தார். 1960-இலே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால் வெட்டுகிற தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் சேர்த்து, கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார். கூலிக்கு உழைத்தவர்கள் தோட்டத்துக்குப் பங்காளிகளானார்கள். தமிழன் கூட்டுறவாலே நிலம் வாங்க முடியும் என்பதற்கு அது சான்று.

இங்கிருந்து தமிழகம் சென்ற நம் உறவினரைப் பாருங்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968-இலே நீலகிரியிலே அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அங்கும் வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றவர் வீட்டை விட வேண்டிய நிலை அங்கும் எழுந்தது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையிலே 2024-இலே என்ன நடந்தது? குத்தகைக் காலம் முடிவதை ஒட்டித் தோட்டத்தை மூடினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களை, விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்திட்டதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தமிழ் மண்ணிலே, தமிழர் ஆட்சியிலே, தமிழனுக்கு நேர்ந்தது இது. ஆகவே இன்னார் ஆண்டால் நமக்கு வீடு வரும் என்று இருந்துவிடக் கூடாது. உறுதி இல்லாத வீட்டிலே இருப்பவனை எந்த ஆட்சியும் எழுப்பிவிடலாம்.

லயத்தைக் கட்டிய இங்கிலாந்தே தன் நாட்டுப் பண்ணைத் தொழிலாளிக்கு என்ன செய்தது? அங்கும் பண்ணை வேலையோடு கட்டிய குடில்கள் இருந்தன. 1976-இலே சட்டம் இயற்றி, வேலை போனாலும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாத பாதுகாப்பை அத்தொழிலாளிக்கு வழங்கினார்கள். அவர்கள் நாட்டிலே அநீதி என்று ஒழிக்கப்பட்ட முறை, அவர்கள் விட்டுச் சென்ற மலையிலே இன்னும் உயிரோடிருக்கிறது.

வந்தது எது? வராதது எது?

செய்தவற்றைச் செய்யவில்லை என்று சொல்லுவது நம் வழக்கமன்று. 2015-க்குப் பின் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலத்திலே தனி வீடு என்னும் கொள்கை வந்தது. இந்திய அரசு மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகளை ஒதுக்கிற்று. 2017 மே மாதம் நோர்வூட்டிலே பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். டன்சினன் தோட்டத்திலே 404 வீடுகள் 2018-இலே கையளிக்கப்பட்டன. அதே ஆண்டு புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபைச் சட்டம் நிறைவேறிற்று. அதுவரை தோட்டத்துக்குள் பாதை போடவும் பிரதேச சபைக்குத் தடையாக நின்ற சட்டமும் அவ்வாண்டிலேயே திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் தோன்றின. இவை வெற்றிகளே.

ஆனால் வீடு கட்டி முடிந்த பின்னும் உறுதி வராத குடும்பங்கள் எத்தனை! முன்னைய திட்டங்களிலே வீட்டுக் கடனைச் சம்பளத்திலே மாதாமாதம் கழித்துக் கட்டி முடித்தும், கையிலே ஒரு தாளும் இல்லாதவர்கள் எத்தனை! திறப்பு விழாவுக்கு மாலை வந்தது, மேளம் வந்தது, பெயர்ப்பலகை வந்தது. நொத்தாரிசு மட்டும் வரவில்லை.

ஏன் இந்தச் சிக்கல்? நிலம் அரசுடையது, 1992-க்குப் பின் நிருவாகம் கம்பனிகளுடையது, குத்தகை இன்னும் பல்லாண்டு இருக்கிறது. ஒரு துண்டு நிலத்தை விடுவிக்கக் கம்பனியின் இசைவும், காணிக்குரிய அரச நிறுவனத்தின் இசைவும், அளவைப் படமும் வேண்டும். இந்த மூன்று மேசைகளுக்கும் நடுவிலே நம் உறுதி கிடந்து உறங்குகிறது.

உறுதி வந்தால் என்ன வரும்? வங்கியிலே ஈடு வைத்து மகளின் படிப்புக்குக் கடன் பெறலாம். தந்தைக்குப் பின் பிள்ளைக்கு என்று எழுதலாம். வழக்கு வந்தால் நீதிமன்றத்திலே நிமிர்ந்து நிற்கலாம். தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் இன்றி, வீட்டு எண்ணும் தெருப் பெயரும் கொண்ட முகவரி ஒன்று கிடைக்கும். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் நாள் கடந்து கையிலே கிடைத்து, கிடைத்த வேலையை இழந்த இளைஞர்கள் நம் தோட்டங்களில் உண்டு. முகவரியும் ஓர் உரிமை என்பதை அவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். உறுதி வராவிட்டால், தனித் தனியாக நிற்கும் அழகான வீடுகளும் துண்டு துண்டாக வெட்டி வைத்த லயன்களே ஆகும்.

மூன்று தடைகள், மூன்று விடைகள்

‘தேயிலை நிலம் குறைந்துவிடும்’ என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஓர் இலட்சம் குடும்பத்துக்கு 7 பேர்ச் வீதம் 7 இலட்சம் பேர்ச்; அது 4,375 ஏக்கர். இலங்கையிலே தேயிலை விளையும் நிலம் ஏறத்தாழ 5 இலட்சம் ஏக்கர். நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை! 1977-இலே வெளியாருக்குப் பங்கிட நினைத்தார்களே, அந்த 7,000 ஏக்கரை வகுத்துப் பாருங்கள். குடும்பத்துக்கு 7 பேர்ச் வீதம் சரியாக 1,60,000 குடும்பங்களுக்கு அது போதும். அன்று கொடுக்க நிலம் இருந்தது. பெறுகிறவர் யார் என்பதிலேதான் தகராறு இருந்தது.

‘உறுதி கொடுத்தால் வேலைக்கு வரமாட்டார்கள்’ என்பது இரண்டாவது தடை. இன்று வருகிறார்களா? அட்டனிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் பேருந்துகளைப் பாருங்கள். வீட்டைச் சங்கிலியாக்கி ஆளைக் கட்டிவைக்க முடியவில்லை என்பதை அந்தப் பேருந்துகள் நாள்தோறும் சொல்லுகின்றன. மேலும், இந்நாட்டின் தேயிலையிலே நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் விளைவிப்பவர்கள் சிறு நிலம் சொந்தமாக உடைய சிற்றுடைமையாளர்கள். சொந்த நிலம் தேயிலைக்குப் பகையன்று.

‘உறுதி கிடைத்ததும் விற்றுவிடுவார்கள்’ என்பது மூன்றாவது. இதிலே ஓரளவு உண்மை உண்டு. நுவரெலியாவைச் சுற்றி விடுதி கட்டுவோர் பேர்ச் பேர்ச்சாக நிலம் தேடுகிறார்கள். ஒரு நோய், ஒரு கலியாணம், ஒரு கந்துக் கடன் போதும், உறுதி கை மாறிவிடும். ஆனால் விற்றுவிடுவான் என்று அஞ்சி ஒருவனுக்கு உரிமையை மறுப்பது, தவறி விழுவான் என்று அஞ்சிக் குழந்தையை நடக்க விடாமல் வைத்திருப்பது போலாகும். உறுதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுவோம். இருவரும் கையெழுத்திடாமல் விற்க முடியாதபடி செய்வோம். சம்பந்தன் செய்தாற்போல ஊருக்கு ஊர் கூட்டுறவு அமைத்து, விற்க நேர்ந்த நிலத்தை நாமே வாங்குவோம். அதுதான் மருந்து.

வீட்டை எப்படி அமைப்பது?

இனி வீட்டின் அமைப்பைப் பற்றிச் சில சொற்கள். 7 பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. இன்று கட்டப்படும் வீடு 550 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், குசினி, மலசலகூடம். எஞ்சுவது 1,350 சதுர அடி. விவசாயத் தோழர்களே, அந்த நிலத்தை வெறும் முற்றமென்று எண்ணாதீர்கள். இரண்டு பாத்தி லீக்ஸ், ஒரு பாத்தி கரட், வேலியோரம் போஞ்சி, மூலையிலே ஒரு மாட்டுத் தொழுவம், தொழுவத்து உரம் மீண்டும் பாத்திக்கு. இவ்வளவும் அதிலே அடங்கும். லயத்தின் ஓரத்திலே துரையின் தயவில் செய்த மரக்கறித் தோட்டத்தை இனி உரிமையோடு செய்யலாம்.

ஆனால் இது மலை! நிலத்தைத் தேர்வதிலே அவசரம் உயிரைக் குடிக்கும். 2014 அக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயன்களை மூடிற்று. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தவர்கள் சென்றுவிட்டார்கள், போக வேறு நிலம் இல்லாதவர்கள் இருந்துவிட்டார்கள். 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி வந்தபோது கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் மண்சரிவிலே மீண்டும் துடித்தன. மழையை யாரும் தடுக்க முடியாது. ஆபத்தான சரிவிலே கட்டிய கொட்டகையை விட்டுப் போக முடியாமல் மக்களை வைத்திருந்தது மழையன்று, காணியின்மை.

ஆகவே தேயிலைக்கு உதவாத மண் என்று தள்ளிய சரிவை வீட்டுக்கு ஏற்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியின்றி மலையை வெட்டாதீர்கள். சரிவை நிமிர்த்தி வெட்டினால் தாங்கு சுவர் கட்டுங்கள். வீட்டுக்கு மேல்புறம் கான் வெட்டி மழைநீரைத் திருப்புங்கள். அடுப்புக்குப் புகைபோக்கி வையுங்கள். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் பக்கம் வாசல் வேண்டாம். முக்கியமாக, கட்டத் தொடங்குமுன் குசினியிலே வாழ்நாளைக் கழிக்கப் போகிற தாய்மாரைக் கேளுங்கள். வீட்டுப் படம் வரைகிறவர் கொழும்பிலே இருக்கிறார். விறகு சுமக்கிறவர் இங்கே இருக்கிறார்.

லயம் நமக்குக் கொடுத்த நன்மை ஒன்றும் உண்டு. அதை மறக்க வேண்டாம். ஒரு வீட்டிலே சாவு என்றால் பத்து வீட்டிலே அடுப்பு எரியாது. ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு லயமே பந்தலாகும். பிள்ளைகள் ஒரே இஸ்தோப்பிலே ஒரே விளக்கின் கீழே படித்தார்கள். மாசி மாதத்துக் காமன் கூத்து லயத்து வாசலிலேதான் வளர்ந்தது. தனித் தனி வீடு கட்டி, வேலி போட்டு, ஆளுக்கொரு திசையாகத் திரும்பிக்கொண்டால் அந்த உறவு அறுந்துபோகும். ஆகவே ஒவ்வொரு குடியிருப்பிலும் நடுவே ஒரு பொது வெளி வேண்டும். கோவில், முன்பள்ளி, வாசிகசாலை, கூட்ட மண்டபம் அதைச் சூழ வேண்டும். லயத்தின் அடிமைத்தனத்தைப் புதைப்போம். லயத்தின் ஒற்றுமையைப் புதிய ஊருக்குக் குடிவைப்போம்.

யார் செய்வது?

நீங்கள்தான் செய்ய வேண்டும். லயத்திலே பிறந்து சட்டத்தரணியானவரே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். ஒரு தோட்டத்து வீடுகளின் தாள்களையெல்லாம் விரித்துப் பார்த்து, எது கடிதம், எது அனுமதி, எது பதிவு பெற்ற உறுதி என்று பிரித்துச் சொல்லுங்கள். நில அளவையாளரே, எல்லைக் கல் நடாத ஏழு பேர்ச் எட்டு வழக்குகளைப் பெற்றுத் தரும். உங்கள் சங்கிலி நம் மக்களுக்கு ஒரு நாள் பயன்படட்டும். ஆசிரியரே, ஏக்கருக்கு எத்தனை பேர்ச் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்; அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாய்க்குச் சொல்லும். விவசாயத் தோழரே, ஏழு பேர்ச்சிலே என்ன விளையும் என்று விளைவித்துக் காட்டுங்கள். மண்ணோடு பற்று உண்டானவன் மண்ணை விற்கமாட்டான்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திறப்பு விழாவுக்குத் தேதி கேட்டு அமைச்சரிடம் போகும்போது, உறுதி வழங்கும் விழாவுக்கும் தேதி கேளுங்கள். உறுதி தயாராகாத வீட்டுக்கு நாடா வெட்ட வராதீர்கள். சங்கக் கொடிகள் பலவாக இருக்கலாம். காணிப் பதிவகத்திலே எழுதப்படும் பெயருக்கு நிறமில்லை.

அவை நிறைந்த பெரியோர்களே! ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு மலைகளை வாங்கியவர்கள் ஒரு நாளும் இங்கே கொழுந்து பறித்ததில்லை. இருநூறு ஆண்டு உழைத்தவர்கள் கேட்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ இருபத்து மூன்றில் ஒரு பங்கு. நம்முடைய பாட்டன் ஒரு காம்பராவைக் கேட்டான். தந்தை வாக்கைக் கேட்டான். நாம் பதிவு செய்த ஓர் உறுதியைக் கேட்கிறோம். அந்த உறுதி ஒவ்வொரு தாயின் பெட்டியிலும் இருக்கும் நாளிலேதான், தோட்டம் என்னும் சொல் நமக்கு வேலை செய்யும் இடத்தை மட்டும் குறிக்கும். வாழும் இடத்தை ஊர் என்று அழைப்போம்.

அந்த ஊரைக் கட்ட எழுவீர்!